அண்ணியின் மெய்ந்நிறம்

இரவெல்லாம் பெய்த மழை விடியலோடு ஓய்ந்து அகன்றிருக்க, ஆற்றின்மேல் படிந்த வெண்பனி மெல்லக் கரையேறி, சரக்கு வண்டிகள் உறங்கும் இருப்புப்பாதைகளைக் கடந்து, சரிவில் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நின்ற வீடுகளின் இடுக்குகளில் புகுந்து, கூரைதோறும் தங்கித் தங்கிக் கரைந்துகொண்டிருந்த காலைப்பொழுது அது. அடுமனையின் கதவு திறக்க, வெந்த மாவின் மணம் தெருவை நிறைத்தது. பள்ளி செல்லும் சிறார் ஈரக் கற்களில் கால் வழுக்கியும் சிரித்தும் ஓடினர். பாலத்தைக் கடந்த தொடர்வண்டியின் ஓசை தொலைவில் பிறந்து, அருகில் வளர்ந்து, மீண்டும் தொலைவில் தேய்ந்து மறைந்தது. நகரின் சாளரங்களெல்லாம் கதிரவனை எதிர்கொண்டு திறக்க, சரிவின் உச்சியில் நின்ற ஒரு பழைய மாடிவீட்டின் மேலறை மட்டும் கதிரவனுக்கு முதுகு காட்டி, வடக்கு நோக்கிய தன் பெருஞ்சாளரத்தை விரித்து, நேரே பாயாத, நிழலைக் கூர்மையாக்காத, பால்போல் பரவும் வானொளியையே உள்ளே வரவிட்டுக் காத்திருந்தது.

அவ்வறைக்கு உரியவள் முகங்களை எழுதும் ஓவியக் கலைஞர். மலையும் கடலும் மலரும் கனியும் எழுதுவோர் அந்நகரில் பலர் இருந்தனர். ஆயினும் ஒருவர் முகத்தைக் கித்தானின் மேல் குருதியோடும் வெதுவெதுப்போடும் இருத்திவைக்க வேண்டுமெனில் அவளைத்தான் நாடி வந்தனர். நுண்ணுணர்வு மிக்க படிப்பாளரே, மாந்தர் தோலுக்கு ஒரு நிறம் உண்டென்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அவளோ தோலுக்குத் தனி நிறம் ஒன்று இல்லை என்று அறிந்தவள். எலும்பு அணுகிநிற்கும் நெற்றியில் மஞ்சட்காவி மேலோங்கும். குருதி ததும்பும் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் காதுமடலிலும் செங்காவி கசியும். தாடையின் கீழே, கண்குழியின் ஓரத்தே, நீலமும் பச்சைமண் சாயத்தின் நிறமும் நீரடிப் பாசிபோல் மறைந்து கிடக்கும். இவற்றையெல்லாம் வண்ணத்தட்டில் தனித்தனியே குழைத்து, கலவைக்கத்தியின் நுனியில் சிறிது எடுத்து, அமர்ந்திருப்பவர் கன்னத்தருகே நீட்டிப் பிடித்து, கத்தியில் உள்ள வண்ணம் எது, கன்னத்தின் தோல் எது என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் ஒன்றிப்போகும் வரை அவள் தூரிகையைத் தொடுவதில்லை.

அத்தகைய கைக்கு, அவ்வாண்டு கூதிர்காலத்தில், உறவுக்குள்ளிருந்தே ஒரு பணி வந்தது. அவள் அண்ணன் மனைவி, நகரின் பெரிய மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் பகுதிக்குத் தலைமைச் செவிலியாய் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவமனை புதுக் கட்டடம் எழுப்பியது. அதன் முகப்பில் அவர் ஓவியத்தை வைப்பதென்று ஆட்சிக்குழுவினர் முடிவு செய்தனர். நகரில் பாதிப்பேரைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியவர் அவர் என்பதால் அம்முடிவை மறுப்பார் எவருமிலர். அண்ணன் இறந்து ஆண்டுகள் பல கழிந்தும், அண்ணிக்கும் அவளுக்கும் இடையே இருந்த பற்று, நடுவே நின்ற தூண் சாய்ந்தும் விழாது தாங்கும் கூரைபோல் நிலைத்திருந்தது. ஐம்பதைக் கடந்துவிட்ட அவளை அண்ணி இன்னும் "குட்டி" என்றே அழைத்தார்.

தொடக்கத்தில் அமர்வுகள் சிரிப்பும் பேச்சுமாய்க் கழிந்தன.

"குட்டி, என் மூக்க இருக்கிற அளவுக்கே போட்டுடாத. கொஞ்சம் இரக்கம் காட்டு."

"அண்ணி, வாய அசைக்காதீங்க. உதடு போட்டுக்கிட்டு இருக்கேன்."

"வாய மூடிக்கிட்டு இருக்கிற படம் என்னோடதுன்னு எவன் நம்புவான்?"

இவ்வாறு பேசிப் பேசியே இடக்கன்னம் முடிந்தது. சுட்ட காவியின் ஆழமும் செங்காவியின் வெம்மையும் கலந்து, நன்கு விளைந்த பேரீச்சையின் பளபளப்போடு அது கித்தானில் அமைந்தபோது, அண்ணியே எழுந்து வந்து பார்த்து, "அட, இது என்னை மாதிரியே சிரிக்குதே" என்று வியந்தார்.

வலக்கன்னத்தைத் தொடங்கிய நாளில்தான் தொல்லை புகுந்தது. இடக்கன்னத்துக்கு ஒன்றிய அதே கலவையை அவள் குழைத்துக் கத்தியின் நுனியில் நீட்டிப் பிடித்தாள், அது ஒன்றவில்லை. வண்ணம் செம்மையாய்த் தனித்து நிற்க, தோல் பின்னே விலகி நின்றது. சிறிது மஞ்சட்காவி சேர்த்தாள், போதவில்லை. பச்சைமண்ணில் ஒரு துளி தொட்டாள், அப்போது ஒன்றியது. ஒன்றியதைக் கண்டு மகிழ வேண்டிய உள்ளம் ஏனோ துணுக்குற்றது. அடுத்த அமர்வில் மஞ்சள் இன்னும் வேண்டியிருந்தது. அதற்கடுத்ததில், இன்னும். காய்ந்து நின்ற ஒரு கன்னமும் ஈரம் உலராத மறு கன்னமுமாய், அம்முகம் இருவேறு பெண்டிரை நடுவே பிளந்து ஒட்டவைத்தாற்போல் அவளை நோக்கியது.

முதலில் அவள் ஒளியை ஐயுற்றாள். எதிர்வீட்டுச் சுவருக்கு அண்மையில்தான் மஞ்சள் பூசியிருந்தார்கள். அதன் எதிரொளி சாளரத்தின் வழியே வந்து முகத்தில் படிகிறதென்று கருதி, சாளரத்தின் கீழ்ப்பாதியைச் சாம்பல்நிறத் துணியால் மறைத்தாள். மஞ்சள் குறையவில்லை. பின்னர் எண்ணெயைப் பழித்தாள். ஆளிவிதை எண்ணெய் நாட்பட்டால் பழுப்பேறும் என்பதால் புதிது வாங்கிவந்து, வெள்ளையையும் புதிதாய்ப் பிரித்துக் குழைத்தாள். அதுவும் பயனளிக்கவில்லை. குற்றம் சாட்டுவதற்கு வெளியே வேறு பொருளில்லை என்றானபின், ஓட்டை விழுந்த படகில் நீர் ஏறுவதுபோல், ஓசையின்றி ஓர் அச்சம் அவளுள் ஏறத் தொடங்கியது. கெட்டது தன் கண்ணோ?

அவ்வச்சத்துக்கு வேர் இருந்தது. அவள் தந்தையும் முகம் எழுதியவர். முதுமையில் அவர் விழிகளில் படலம் தடித்து நிறங்கள் மயங்கின. அது தெரியாமலே அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையின் உதட்டை அவர் சாம்பல்நிறத்தில் எழுதி முடித்த நாளில், அதைக் காண வந்த தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் அழுததும், வீட்டார் அனைவரும் "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று அவரிடம் சொல்லித் தலைகுனிந்து நின்றதும் அவள் நெஞ்சில் ஆறாத் தழும்பாய்ப் பதிந்திருந்தன. இன்று தன்னைச் சூழ்ந்தோரும் அவ்வாறே பொய்யாய்ப் புகழ்கின்றனரோ என்று எண்ணும்போதே அவள் விரல்கள் குளிர்ந்தன.

அன்றுமுதல் அவள் நடை மாறியது. தெருவில் செல்கையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கதவுகளின் நிறத்தைச் சோதித்தாள். கடையில் நூற்கண்டுகளை வரிசை மாற்றி அடுக்கி, கடைக்காரர் முறைக்கும்வரை நின்றாள். கீழ்த்தளத்து அறையில் கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் கணவரிடம் துணிகளைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஏங்க, இது என்ன நிறம்?"

"நீலம்."

"பச்சை கலந்த நீலமா, சிவப்பு கலந்த நீலமா?"

"எனக்கு அது நீலம், அவ்ளோதான். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியும் அது நீலமாத்தான் இருந்துச்சு."

அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. கண் மருத்துவரிடம் செல்லப் புறப்பட்டுப் புறப்பட்டு, தெருமுனைவரை போய்த் திரும்பினாள். மருத்துவர் வாயிலிருந்து படலம் என்னும் அச்சொல் வெளிப்பட்டுவிட்டால் பின் அதை உள்ளே தள்ள இயலாதே!

அண்ணியும் மாறித்தான் இருந்தார். ஆனால் தன் கண்ணையே காவல் காத்துக்கொண்டிருந்தவளுக்கு, எதிரே இருந்தவரைக் காண ஓய்வு ஏது? வெளிச்சம் கூசுகிறதென்று அண்ணி நிறமேற்றிய கண்ணாடி அணிந்து வந்தார். கண்களை இறுதியில் எழுதுவதே வழக்கமாதலால் அவள் தடுக்கவில்லை. கம்பளிச் சட்டை உறுத்துகிறதென்று முன்கையைச் சொறிந்துகொண்டார். பேச்சு குறைந்தது. "பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு நிறம் கூடியிருக்குன்னு சொல்றா. இந்த வயசுல எதுக்குடி எனக்கு நிறம்?" என்று ஒருநாள் அவர் சொன்னபோது, அச்சொல்லில் சிரிப்புக்குரிய இடத்தில் சிரிப்பு இல்லை. ஒருத்தி தன் விழியின் குறையை மறைத்தும், மற்றவர் தம் உடலின் குறையை மறைத்தும், ஒரே சாளரத்தின் ஒளியில், கைக்கெட்டும் தொலைவில், ஒருவரையொருவர் மணிக்கணக்காய் நோக்கி அமர்ந்திருந்தனர்.

திறப்பு விழா நெருங்க நெருங்க அவள் உணவும் உறக்கமும் சுருங்கின. ஒரு பிற்பகல், இனியும் தாங்காதென்று கீழே இறங்கிப்போய், உருப்பெருக்கியைக் கண்ணிடுக்கில் செருகிப் பற்சக்கரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் எதிரே அமர்ந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தந்தை எழுதிய அச்சாம்பல்நிற உதட்டையும் விடவில்லை. அவர் உருப்பெருக்கியை எடுத்துவிட்டு, சக்கரத்தை விரலிடையே உருட்டினார்.

"நான் ஒண்ணு கேக்குறேன். மொதல்ல ஒரு கன்னம் போட்டியே, அது இப்ப பாக்க எப்படி இருக்கு?"

"அது அப்படியேதான் இருக்கு. அன்னைக்குப் பாத்த மாதிரியே."

"மஞ்சளாத் தெரியலையா?"

"இல்லையே."

"அட, அப்புறம் எதுக்கு இந்த அழுகை? கண்ணு கெட்டிருந்தா பாக்குறது எல்லாமே சேர்ந்துல்ல மஞ்சளாகணும்? பழைய கன்னத்த விட்டுட்டு அண்ணியோட முகத்துல மட்டும் மஞ்சளக் காட்டுமா உன் கண்ணு? அது என்ன, ஆள் பாத்து வேலை செய்யுதா?"

அவர் பெரிதாய்ச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நிழலில், நாட்பட்ட சுமையை இறக்கிவைத்தவளைப்போல் அவள் தோள்கள் தளர்ந்தன. என் கண் நன்றாயிருக்கிறது! இமைப்பொழுதுதான். அடுத்த இமைப்பொழுதில், அம்மகிழ்ச்சி எதன்மேல் காலூன்றி நிற்கிறது என்பதை அவள் கண்டாள். கண் மாறவில்லையெனில் மாறியது முகம். அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. கையிலிருந்த சக்கரத்தை மேசைமேல் மெல்ல வைத்தார்.

"அப்போ... அண்ணிக்கு..." என்றார்.

தன்னைக் காக்கத் தன் நெஞ்சு எவ்வளவு விரைவாய் இன்னொருவர் துன்பத்தின் மேல் ஏறி நின்றது என்று எண்ணி அவள் நாணினாள். அந்நாணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவும் பொழுதில்லை. மறுநாள் காலை அண்ணி வந்து அமர்வார். அவரிடம் எதைச் சொல்வது, எப்படித் தொடங்குவது? நீங்கள் நோயுற்றிருக்கிறீர்கள் என்று ஒரு செவிலியிடம் ஓவியம் எழுதுபவள் சொல்வதா? தவறாயின் சிரித்துவிடலாம், சரியாயின்? அவள் அண்ணன், அம்மருத்துவமனையின் அறுவை அறைக்குள் நடந்து சென்று, திரும்பி வராதவர். அவரைக் கதவருகே வழியனுப்பிவிட்டு, அதே கட்டடத்தின் மறுதளத்தில் அன்று பணியிலிருந்தவர் அண்ணி. அந்த வாயிலுக்கு அவரை மீண்டும் அனுப்பும் சொல்லைத் தன் நாவால் எடுப்பதா?

காலை வந்தது, அண்ணியும் வந்தார். மாடிப்படிகளின் இறுதியில் நின்று நெடுநேரம் மூச்சு வாங்கினார். வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் தூரிகையை எடுக்கவில்லை. இடக்கன்னத்துக்கு முதன்முதல் குழைத்த கலவையை அன்று விடியலிலேயே மீண்டும் குழைத்து வைத்திருந்தாள். கித்தானிலுள்ள கன்னத்தோடு ஒட்டிப் பார்த்து, சற்றும் பிசகின்றி ஒன்றியதைக் கண்டுமிருந்தாள். அதைக் கத்தியின் நுனியில் எடுத்துக்கொண்டு அண்ணியின் அருகே சென்று மண்டியிட்டாள்.

"அண்ணி, கையக் குடுங்க."

"எதுக்குடி?"

"குடுங்களேன்."

சட்டைக்கையை மேலேற்றி, முன்கையின் உட்புறத்தருகே கத்தியைப் பிடித்தாள். சொறிந்த கீறல்கள் அங்கே வரிவரியாய் இருந்தன. கத்தியின் மேலிருந்த வண்ணம், அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த செங்கல்போல் வெம்மையாய் ஒளிர்ந்தது. அதன் பக்கத்தில் அத்தோல், நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த தாளின் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

"இது அன்னைக்கு உங்க நிறம், அண்ணி," என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என் கண்ணுதான் போச்சுன்னு இத்தன நாளா பயந்துக்கிட்டு இருந்தேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியக் கழட்டுங்க."

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடிமேல் வைத்தார். விழிவெண்மை முழுதும் முற்றிய எலுமிச்சையின் நிறம் ஏறியிருந்தது. அவள் கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்து ஒலித்தது.

அண்ணி தம் கட்டைவிரலைத் தம் முன்கையில் அழுத்தி எடுத்தார். பிறந்த குழந்தைகளின் நெற்றியில் எத்தனையோ முறை அழுத்திப் பார்த்த விரல் அது; அழுத்தும்போது குருதி விலக, அடியில் மறைந்துள்ள மஞ்சள் வெளிப்படும். வெளிப்பட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் குட்டி," என்றார்.

"எத்தன நாளா?"

"கண்ணாடி பாத்துத் தலை வாரறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. கையாலயே வாரிக்கிறேன்." ஒரு புன்னகை தோன்றித் தங்காது போயிற்று. "மத்தவங்ககிட்ட எவ்ளோ திட்டியிருப்பேன், ஏன் முன்னாடியே வரலன்னு. எனக்கு நானே சொல்லிக்க வாய் வரல. உங்கண்ணன் அந்தக் கதவுக்குள்ள போறப்ப என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாருடி. அந்தக் கதவ நெனச்சாலே எனக்குக் கால் ஓடல."

"எனக்கும்தான் அண்ணி. எனக்கும்தான் பயமா இருக்கு."

"உன் கண்ணப் பத்தி உனக்கு யாராவது சொல்லணும்னு இருந்துச்சா?"

"ஆமா."

"எனக்கும் அதான். யாராவது பாத்துச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. சொல்லிடக் கூடாதேன்னும் இருந்துச்சு. இந்த நாற்காலிக்கு வர்ற ஒவ்வொரு நாளும் அப்படித்தான் வந்தேன்." அவள் தலைமேல் கை வைத்து, "எழுந்திரு, முழங்காலெல்லாம் சாயம்," என்றார். "உங்க வீட்டுக்காரரக் கூப்பிடு. வண்டி எடுக்கச் சொல்லு. நான் மனசு மாறறதுக்குள்ள போயிடலாம்."

பித்தநீர் வழியும் குழாயின் வாயிலில் சிறு கட்டியொன்று வளர்ந்து வழியை அடைத்திருந்ததாக மருத்துவர்கள் கண்டனர். அறுத்தெடுக்க இயலும் அளவில்தான் இருக்கிறது. ஆயினும் அறுவை பெரிது, வயதும் குறைவன்று என்றனர். அந்தக் கதவு வரை அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அண்ணி திரும்பிப் பார்த்தார்; ஆனால் சிரிக்கவில்லை. "நான் சிரிக்க மாட்டேன். உங்கண்ணன் சிரிச்சது போதும்," என்றுவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடியபின் அவ்விடைகழியில் கழிந்த பொழுதை எவ்வாறு உரைப்பது! காலடியோசை ஒவ்வொன்றும் தன்னை நோக்கி வருவதாய்த் தோன்றி, கடந்து சென்று, அவளை மீண்டும் வெறுமையில் விட்டது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த காவியைச் சுரண்டிச் சுரண்டி, அது போனபின்னும் சுரண்டிக்கொண்டிருந்தாள். சொல்லாதிருந்திருந்தால் அண்ணி இன்று தம் வீட்டில் அமர்ந்திருப்பாரே என்று ஒரு நெஞ்சும், சொன்னது பிந்திவிட்டதே, சுவரையும் எண்ணெயையும் பழித்துப் போக்கிய நாளெல்லாம் அவருடைய நாளல்லவா என்று மறு நெஞ்சும் அவளை இருபுறமும் இழுத்தன. கணவர் அருகே அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் கதவு திறந்து, முகக்கவசத்தை இறக்கியபடி அறுவை மருத்துவர் வெளிப்பட்டார்.

"எடுத்தாச்சும்மா. நல்லபடியா தாங்கிக்கிட்டாங்க. மேற்கொண்டு எப்படின்னு போகப்போகத்தான் தெரியும். இப்போதைக்கு மூச்சு விடுங்க," என்றார். அவள் அமர்ந்தபடியே கைகூப்பினாள்.

புதுக் கட்டடம் ஓவியமின்றியே திறக்கப்பட்டது. முகப்புச் சுவரில் அதற்குரிய இடம் வெறுமையாய் இருந்ததை விழாவுக்கு வந்தோர் கண்டு வினவினர். இளவேனில் பிறந்து, ஆற்றில் நீர் தெளிந்து, சாளரத்தின் சாம்பல்நிறத் துணி அகற்றப்பட்ட ஒரு நாளில், அண்ணி அம்மாடிப்படிகளை மெல்ல மெல்ல ஏறி வந்தார். உடல் பாதியாய் இளைத்திருந்தது. கன்னம் உள்வாங்கி, எலும்பு வெளிப்பட்டு நின்றது. கித்தானின் முன் நின்று, செம்மை ததும்பிய இடக்கன்னத்தையும் மஞ்சள் படர்ந்த வலக்கன்னத்தையும் மாறிமாறி நோக்கினார்.

"இந்த ரெண்டு பேருல நான் யாருடி இப்ப?"

"ரெண்டு பேரும் இல்ல அண்ணி. உக்காருங்க. புதுசாத்தான் கலக்கணும்."

"பழைய நிறம் வருமா?"

"தெரியல அண்ணி. இன்னும் பாக்கல," என்றாள் அவள், பொய்யுரையாமல். அண்ணி அவளை உற்று நோக்கி, தலையசைத்து, நாற்காலியில் அமர்ந்து, முகத்தை இம்முறை சாளரத்தின் பக்கம் திருப்பாமல் அவளை நோக்கியே வைத்துக்கொண்டார். விழிகள் கண்ணாடியின்றி இருந்தன, அவற்றின் வெண்மையில் மஞ்சள் இல்லை, களைப்பு இருந்தது. அவள் கத்தியின் நுனியில் வண்ணம் எடுத்து நீட்டினாள். கன்னத்தருகே பிடித்துப் பார்த்து, மீண்டும் தட்டில் குழைக்கத் தொடங்கினாள்.

நோய் முற்றிலும் அகன்றதோ, எங்கேனும் ஒளிந்து காலம் பார்த்திருக்கிறதோ, அதை அன்று அறிந்தார் எவருமிலர். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அவ்வச்சம் அவ்வீட்டுக்கு வந்து போயிற்று. ஒருவர் முகத்தை நெடிது நோக்கும் உரிமை இவ்வுலகில் மிகச் சிலர்க்கே வாய்க்கிறது. தாய்க்கும், துணைக்கும், நோயாளியைக் காக்கும் செவிலிக்கும், முகம் எழுதும் கலைஞர்க்கும் வாய்க்கும் அவ்வுரிமையோடு, கண்டதைக் கேட்கும் செவி உள்ளபோதே சொல்லிவிடும் கடனும் சேர்ந்தே வருகிறது. அஞ்சாதவர் சொல்வது எளிது. தன் கண்ணையும் நம்பாமல், தன் நாவையும் நம்பாமல், விரல் குளிர்ந்து குரல் அடங்கி நின்றும் ஒருத்தி சொன்னாள். சொல்லப்பட்டவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்பு என்று நாம் வழங்கும் சொல்லுக்கு அவ்விருவரிடத்தில் அதைவிடப் பெரிதான பொருள் ஒன்றும் தேவைப்படவில்லை.